தலை தட்டிய மரக்கால்

ஆகஸ்ட் 4, திங்கள்

கோட்டாட்சியர் அம்மாவுக்கு வணக்கம். சுகமாக இருக்கிறீர்களா? பிள்ளைகள் சுகமா? உங்கள் பக்கம் மழை உண்டா? இங்கே ஆடிப்பதினெட்டுக்கு நாலு தூறல் போட்டதோடு சரி. ஆற்றில் தண்ணீர் இல்லை. பெண்கள் குழாயடியிலேயே கும்பிட்டுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். குழாயும் ஆற்றுக்குப் பிறந்ததுதானே என்றாள் ஒருத்தி. நியாயம்தான்.

இந்த நோட்டை எழுதச் சொன்னது அமலோற்பவம் வக்கீலம்மா. கோர்ட்டு வளாகத்தில் இலவச சட்ட உதவி என்று போர்டு போட்ட அறையில் இருக்கிறவர்.

"பெரியவரே, வாயால சொன்னா ஆபீஸ்ல நிக்காது. யாரு சோறு குடுத்தா, யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா, யாரு திட்டுனா, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதுங்க. கோட்டாட்சியர் படிப்பாங்க" என்றார்.

படிக்கப்போவது நீங்கள் என்பதால் உங்களிடமே பேசிவிடுகிறேன். சுவரிடம் பேச எனக்கு வராது.

என் பெயர் மொக்கச்சாமி. வயசு எழுபத்திரண்டு. ஊர் கல்லூத்துப்பட்டி. பள்ளிக்கூடம் போனதில்லை. நாற்பது வயசுக்குப் பக்கத்தில் அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து இது. இடது கண்ணில் புரை. வலது கண்ணை வைத்து ஓட்டுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் கதைகார மொக்கச்சாமி என்றால்தான் தெரியும். நடவு நடக்கிற வயலில் வரப்பில் உட்கார வைத்துக் கதை சொல்லச் சொல்வார்கள். கதை முடிகிறவரை பெண்கள் நிமிர மாட்டார்கள். அதற்காகவே எனக்கு ஒரு ஆள் கூலி கொடுத்தவர் உண்டு. கடைசிப் பாத்தி நட்டு முடிக்கிற வரைக்கும் ராஜாவைச் சாக விடக்கூடாது என்பது ஒப்பந்தம்.

என் வழக்கு இதுதான். போன வருஷம் தை மாதம், வீட்டையும் ஒன்றேகால் ஏக்கரையும் என் ஒரே மகன் தங்கபாண்டி பேருக்கு எழுதிக்கொடுத்தேன். பழைய வீட்டை இடித்தான். "ஆறே மாசம்ப்பா, வீடு முடியிற வரைக்கும்" என்று என் கட்டிலைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுவந்தான். இந்தத் தையில் புது வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது. இப்போது ஆடி. கட்டில் இங்கேதான் இருக்கிறது, நானும். எனக்கென்று சொன்ன அறையில் ஏசி போட்டிருக்கிறது. மருமகளின் தம்பி வந்தால் படுக்க.

அந்தப் பத்திரத்தை ரத்து செய்து தரவேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை நாலு இட்லி. மதியம் சோறு, புளிக்குழம்பு. இரவுக்கு அதில் மிச்சம். தூக்குவாளி ஜன்னல் கம்பியில் தொங்கியது. மாட்டியவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பத்திரம் எழுதிய கதையை முதலிலிருந்து எழுதுங்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்துப் பத்திரங்களெல்லாம் துரைக்கண்ணு எழுதுவதுதான். மூக்குப்பொடி போடுகிறவன். இருபது வருஷத்துக்கு முந்தைய பத்திரத்தை விரித்தாலும் தும்மல் வரும். எனக்கு மருமகன் முறை.

"மாமா, உயில் எழுதிப் போடுங்க. இருக்கிற வரைக்கும் உங்க பேர்லயே இருக்கும். மனசு மாறுனா மாத்திக்கலாம்" என்றான் முதலில்.

ஆகாது என்றான் தங்கபாண்டி. இடம் தன் பேரில் இருந்தால்தான் வீட்டுக்கு லோன் கிடைக்குமாம்.

"சரி, அப்ப செட்டில்மெண்ட். ஆனா கடைசி வரைக்கும் பார்த்துக்கணும், தவறுனா பத்திரம் ரத்துன்னு ஒரு வரி போட்டுக்குவோம். இப்ப எல்லாருமே போடுறாங்க மாமா. தப்பா நெனைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

"போடாதடா" என்றேன்.

"ஏன் மாமா?"

"எம்மகன் எனக்குச் சோறு போட முத்திரைத்தாள் வேணுமா? எழுதுனா எழுதுனது மட்டும்தான்டா வரும். அதுக்கு மேல ஒரு பருக்கை வராது."

"ஒண்ணுமே வராம போறதுக்கு அது தேவலையில்ல?"

நான் கேட்கவில்லை. துரைக்கண்ணு ஒரு சிட்டிகை பொடியை ஏற்றிக்கொண்டு, "அப்புறம் ஏங்கிட்ட வந்து அழக்கூடாது" என்றான். அழவில்லை. உங்களிடம்தானே வந்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக நான் ஒன்று கேட்டேன். கோட்டைக்கருப்பு கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். எங்கள் ஊரில் பத்திரம் பொய்க்கும், சூடம் பொய்க்காது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "எங்கப்பனுக்கு, சாகுற வரைக்கும் சோத்துக்குக் குறை வைக்க மாட்டேன்" என்றான். கையில் கொப்பளம் வந்தது. மருமகள் செல்வராணி மஞ்சள் பற்றுப் போட்டாள். எனக்கு மனசு நிறைந்து போயிற்று. மறுநாள் ரிஜிஸ்தர் ஆபீசில் ரேகை வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் தனியாகப் போய் வந்தேன். ஆபரேஷன் இலவசம். ஆனால் கூட ஒரு ஆள் வேண்டும், ஒரு வாரம் சொட்டு மருந்து விடவும் ஆள் வேண்டும் என்றார்கள்.

"எனக்கு நானே விட்டுக்கிறேன் தாயி."

"நடுங்குற கையோடயா? சொட்டு மூக்குல போகும் தாத்தா" என்றது நர்சுப் பிள்ளை. எனக்கும் சிரிப்பு வந்தது.

திரும்புகிற வழியில் புது வீட்டு வாசலில் நின்றேன். கதவு தேக்கு. அந்த மரம் நான் நட்டது. அதில் ஒரு கதை உண்டு, பிறகு சொல்கிறேன்.

"வாங்க மாமா" என்றாள் செல்வராணி. கையில் மாவு. உள்ளே வரச் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அப்படித்தான், நடுவாசல் மாதிரி.

"கண்ணு ஆபரேசனுக்கு ஒரு ஆள் வரணுமாம்மா."

"அவருகிட்ட சொல்றேன் மாமா. நான் சொல்லி எது நடக்குது இந்த வீட்டுல? குழம்பு உப்பா இருக்கான்னு கேட்டாக்கூட சத்தியம் பண்ணதுல உப்பு இல்லைங்கிறாரு."

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று உங்கள் ஆபீசில் முதல் விசாரணை. நடந்தது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் தேதி போட்டாகிவிட்டதால் எழுதுகிறேன்.

வக்கீலம்மா வாசலோடு நின்றுவிட்டார். "உள்ள நீங்களேதான் பேசணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கதை வேண்டாம்" என்றார்.

நீங்கள் என்னை உட்காரச் சொன்னீர்கள். மின்விசிறியை என் பக்கம் திருப்பச் சொன்னீர்கள். அதற்கு நன்றி.

தங்கபாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அம்மா, நான் சோறு போடுறேன்னு சூடம் அடிச்சேன். ஒண்ணரை வருசத்துல ஒருவேளை தவறியிருக்கேனான்னு கேளுங்க. அவரே சொல்லட்டும்."

தவறவில்லை என்றேன். உண்மைதானே.

"பத்திரத்துல பராமரிக்கணும்னு நிபந்தனை இல்லையே பெரியவரே. இருந்திருந்தா எனக்கு வேலை சுலபம். எழுதச் சொல்லியும் நீங்க வேண்டாம்னுட்டதா பத்திர எழுத்தர் சொல்றாரு. ஏன் வேண்டாம்னீங்க?" என்று கேட்டீர்கள்.

அவன்தான் பேசினான். "அதை அவர்கிட்ட நல்லாக் கேளுங்கம்மா. நெல்லளந்த மரக்கா கதையைச் சொல்லச் சொல்லுங்க. ஊருக்கெல்லாம் கதை சொல்லுவாரு, அதை மட்டும் சொல்ல மாட்டாரு."

அது வேறு கதை. இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

இருபத்தைந்தாம் தேதி பதில் சொல்ல வேண்டும், வரும்போது இந்த நோட்டையும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றீர்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை தோசை இரண்டு. மதியம் சோறு, கத்தரிக்காய். மோட்டார் ரூமுக்குள் சாரைப்பாம்பு. அதுவாக வந்தது, அதுவாகப் போயிற்று. இந்த வாரத்தில் உள்ளே வந்து போன உயிர் அது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன்.

"பயப்படாதீங்க. நிபந்தனை எழுதாட்டியும் வழி இருக்கு. மகன் பார்த்துக்குவான்கிற நம்பிக்கையிலதான் எழுதிக் குடுத்தேன்னு சொல்லுங்க. அன்பையும் நம்பிக்கையையும் வச்சு வாங்கிட்டு ஏமாத்திட்டான்னு ஆகும். பத்திரம் ரத்தாக நல்ல வாய்ப்பு இருக்கு. ஏன் அந்த வரியை வேண்டாம்னீங்கன்னா, நம்பினேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்" என்றார்.

"நம்புனேன்."

"இன்னும் கொஞ்சம் அழுத்தமா."

"நம்புனேன்."

"சாட்சி சொல்ற மாதிரி இருக்கு. அப்பா சொல்ற மாதிரி சொல்லுங்க."

நாலு தடவை சொன்னேன். ஊமையையும் பேசவைத்துக் கதை சொன்னவன் நான். இந்த ஒரு சொல் உதட்டைத் தாண்டிவர மறுக்கிறது. பல் இல்லாததால் இருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று தங்கபாண்டி மோட்டார் போட வந்தான். வழக்குப் போட்டபிறகு அவன் என்னோடு பேசியது இன்றுதான். ஃபியூஸ் போயிருந்தது. டார்ச்சைப் பிடி என்றான், பிடித்தேன். சின்ன வயசில் நான் ஃபியூஸ் போடும்போது அவன் பிடிப்பான், ஆடிக்கொண்டே இருக்கும். இன்று என் கையில் ஆடியது.

"ஆட்டாதப்பா."

"கண்ணு ஆபரேசனுக்கு வருவியாடா?"

"சூடத்துல கண்ணு இருக்கா?"

"பேசுற பேச்சா இது?"

"நீ பேசுன பேச்சுதான். அப்பத்தா காய்ச்சல்ல கிடந்தப்ப 'பத்திரத்துல ஆஸ்பத்திரி இருக்கா?'ன்னு நீ கேக்கலையா? நான் பக்கத்துலதான நின்னேன். பத்து வயசு. மூணு மரக்காலையும் தலை தட்டி அளந்து ஏந்தலைல ஏத்தி விடுவ. அப்பத்தா கூடையை இறக்கிப் பாத்துட்டு என்ன சொல்லும் தெரியுமா? 'உங்கப்பன் கை ரொம்ப சுத்தம்டா ராசா, ஒரு நெல்லு கூட ஒட்டாது'ன்னு சொல்லும். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும். எனக்கு அப்ப புரியல."

"அதுக்குப் பழி வாங்குறியா?"

ஃபியூஸைச் செருகினான். மோட்டார் ஓடியது. அந்தச் சத்தத்தில் அவன் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "பழியெல்லாம் இல்லப்பா, எனக்கு வேற மாதிரி தெரியல" என்று சொன்னான் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அம்மா, தேக்குமரத்துக் கதையைச் சொல்கிறேன் என்றேனே. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். மரம் இந்த ஒன்றேகால் ஏக்கரின் வடக்கு வரப்பில் நின்றது. ஒன்றேகால் ஏக்கர் என்றால் அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும் இல்லையா. அது எங்கள் அம்மா சிட்டம்மாளின் நிலம். அவள் அப்பன் வீட்டிலிருந்து வந்தது.

எனக்குக் கிணறு வெட்ட லோன் வேண்டியிருந்தது. நிலத்தை என் பேருக்கு மாற்றச் சொன்னேன். அம்மா அந்த நிமிஷமே சரி என்றாள். குறுக்கே வந்தவர் அவள் அண்ணன், என் தாய்மாமன் வேலப்பன். "எந்தங்கச்சிக்கு மாசம் மூணு மரக்கா நெல்லு, வருசத்துக்கு ரெண்டு சேலை, உசுரு இருக்கிற மட்டும் குடுக்கணும்னு எழுதுனாத்தான் ரேகை வைக்க விடுவேன்" என்றார். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில், நாலு பேர் பார்க்க.

பெற்ற தாய்க்குச் சோறு போட எனக்குப் பத்திரமா? அன்று ஏறிய கோபம் இறங்கவே இல்லை. எழுதச் சொன்னீர்கள் இல்லையா, எழுதியதைத் தருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் அம்மா எங்களோடுதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாசத்திலிருந்து தனி அடுப்பு. மாட்டுக்கொட்டத்தை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிக் கொடுத்தேன்.

களத்தில் நெல் அளக்கிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் சொல்கிறேன். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம். 'லாபம்' என்போம். அப்புறம்தான் ரெண்டு, மூணு. கூலியாளுக்கும் குவித்துத்தான் அளப்போம், நெல் விளிம்பில் வழியும். அம்மாவுக்கு அளக்கும்போது மட்டும் நான் ஒன்று என்றுதான் தொடங்குவேன். உள்ளங்கையால் மரக்காலின் தலையைத் தட்டி விடுவேன். பத்திரத்தில் மூன்று மரக்கால் என்றுதானே இருக்கிறது.

பிறகு அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டப் பழகியதும், நான் தனியாகப் படித்த முதல் காகிதம் அந்தப் பத்திரம்தான். 'தலை தட்டி' என்று அதில் எங்கேயும் இல்லை.

அம்மா ஒரு மாசி மாதம் காய்ச்சலில் படுத்தாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றார்கள். அறுப்பு நேரம், ஆள் கிடைக்காது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். வேறு ஏதாவது சொன்னேனா என்று ஞாபகமில்லை. மாசி ஒன்பதாம் தேதி போய்விட்டாள். அந்த மாசத்து நெல்லை ஒன்றாம் தேதியே கொடுத்திருந்தேன். பத்திரப்படி என் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

அந்த மரக்கால் இன்னும் இருக்கிறது. மோட்டார் ரூமில் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிடக்கிறது. நான் கொண்டுவரவில்லை, அது எனக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது.

தேக்குமரத்துக் கதை நின்றுவிட்டது. இன்னொரு நாள்.

ஆகஸ்ட் 20, புதன்

வக்கீலம்மா நோட்டை வாங்கிப் படித்தார். பதினெட்டாம் தேதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யாரு எழுதச் சொன்னா?"

"தேக்குமரத்தைப் பத்தி எழுதப் போய்..."

"பெரியவரே, இதைப் படிச்சா நீங்க நம்பி எழுதிக் குடுத்தீங்கன்னு யாரு ஒத்துக்குவாங்க? காகிதத்துல எழுதுனா மகன் எப்படிக் குடுப்பான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு ஆகுது. நம்பினவன் செய்யுற வேலையில்ல இது. பயந்தவன் செய்யுற வேலை."

நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"அந்த ரெண்டு தாளையும் கிழிச்சிருங்க. பதினேழையும் பதினெட்டையும். சுத்தமா, தையல் ஓரமா, பிளேடு வச்சு. உங்களுக்கு வீடு வேணுமா, வேண்டாமா?"

"வேணும் தாயி."

"கூடவே, சமாதானத்துக்கு வந்தா மகன்கிட்ட என்னென்ன வேணும்னு ஒரு பட்டியல் எழுதுங்க. ரூம், மருந்து, கண் ஆபரேஷன், கைச்செலவுக்கு மாசம் எவ்வளவு. விடாம எழுதுங்க. எழுதாதது வராது."

எழுதியதுக்கு மேலும் வராது தாயி என்று சொல்ல நினைத்தேன். அவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பட்டியல்:

ஒன்று, கண் ஆபரேஷன். கூட இருக்க ஆள்.

இரண்டு, புது வீட்டில் அறை. ஏசி வேண்டாம்.

மூன்று,

மூன்றாவதை எழுத மதியத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். வாளியைக் கம்பியில் மாட்டும்போது ஒரு சத்தம் கொடுக்க வேண்டும் என்று எழுதலாம். எழுதினால் கொடுப்பான். தினமும் ஒரே ஒரு சத்தம், தலை தட்டி.

மூன்றாவதை அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை பொங்கல். மதியம் கறிக்குழம்பு, மருமகளின் தம்பி வந்திருப்பான். கடையில் பிளேடு ஒன்று வாங்கினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அம்மா, இதை உங்கள் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் ஒரு பட்டா தகராறு உள்ளே போயிருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கா எழும்பிவிட்டது.

தங்கபாண்டி எதிர்ப் பெஞ்சில் இருக்கிறான். காலையில் நாங்கள் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவன் முன்னால், நான் பின்னால். கண்டக்டர் அவனிடம், "பின்னால இருக்கிறது உங்கப்பாதான? டிக்கெட் சேத்துத் தரவா?" என்று கேட்டார். அவன் இரண்டு டிக்கெட் வாங்கினான்.

சற்று முன்னால் டீ வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தான்.

"இது சத்தியத்துல வராது. இருந்தாலும் குடி."

"சீனி கம்மியா இருக்குடா."

"உனக்குச் சுகர் இருக்குல்ல."

அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே குடித்தேன்.

வக்கீலம்மா வந்து நோட்டைச் சாடையால் காட்டி, "கிழிச்சாச்சா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதை அவர் கவனித்திருக்க மாட்டார். "நம்பினேன். அந்த ஒரு வார்த்தைதான், மறந்துறாதீங்க. வீடு உங்க கைக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிளேடு சட்டைப்பையில்தான் இருக்கிறது. பஸ் குலுக்கலில் வெட்ட முடியவில்லை. இங்கே வந்ததும் வெட்டியிருக்கலாம். டீ வந்துவிட்டது. டீ குடிக்கிற நேரத்தில் பிளேடை எடுத்தால் நன்றாக இருக்காது.

பதினெட்டாம் தேதி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அதை எழுதாவிட்டால் கணக்கு தலை தட்டியதாகிவிடும். தங்கபாண்டிக்கும் தெரியும், அவன் அன்று வாசல்படியில் நின்றான். போன வாரம் மோட்டார் ரூமில் எல்லாவற்றையும் சொன்னவன் இதை மட்டும் சொல்லவில்லை. இதோ எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்க்கிறான்.

தபேதார் கூப்பிடுகிறார். "மொக்கச்சாமி! தங்கபாண்டி! அப்பா மகன் ரெண்டு பேரும் உள்ள வாங்க. பெரியவரே, நோட்டையும் எடுத்துக்கங்க!"

வருகிறேன் என்று கையைக் காட்டியிருக்கிறேன். இதை மட்டும் முடித்துவிடுகிறேன் அம்மா. எங்கள் அம்மாவை எடுத்துக்கொண்டு போன மறுநாள் சாய்ப்பைக் கூட்டப் போனேன். பானையில் அந்த மாசத்து நெல் முக்கால்வாசி அப்படியே இருந்தது. செத்தவளுக்குப் பத்திரத்தில் பங்கு இல்லை என்று, கையோடு கொண்டுபோயிருந்த மரக்காலை வைத்து, என் வீட்டுக்கே திரும்பி வருகிற நெல் ஆனதால் அன்றைக்கு 'லாபம்' என்றே தொடங்கி, விளிம்பில் வழிய வழியக் குவித்து